ஸ்கேல்: அளவுகோலா, அளவிடையா?

வீட்டு பிளானின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர் பெயர், தேதி, தாள் எண் எல்லாம் அதில்தான். கூடவே ‘ஸ்கேல் 1:100’ என்று ஒரு வரி. தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 100 சென்டிமீட்டர், அதாவது 1 மீட்டர் என்று பொருள். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பலருக்கும் முதலில் கைக்கு வருவது ‘அளவுகோல் 1:100’.

ஆனால் அளவுகோல் என்பது ஒரு கோல். கையில் பிடித்து அளக்கும் பொருள். சோழர் காலத்தில் நிலம் அளந்த பதினாறு சாண் கோலும் கோல்தான், பள்ளிப்பையில் இருக்கும் 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பட்டையும் கோல்தான். போதாக்குறைக்கு, ‘வெற்றிக்கு அளவுகோல் எது?’ என்று பட்டிமன்றத்திலும் அந்தச் சொல்லுக்கு வேலை கொடுத்துவிட்டோம். விகிதத்தையும் அதன் தலையிலேயே ஏற்றினால், ‘1:50 அளவுகோலை வைத்து 1:100 அளவுகோலில் உள்ள படத்தை அளக்காதே’ என்று சொல்ல வேண்டிவரும். கேட்பவர் பாடு திண்டாட்டம்.

ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. அங்கே பட்டையும் ஸ்கேல், விகிதமும் ஸ்கேல். மூலம் லத்தீன் ‘ஸ்காலா’, ஏணி என்று பொருள். ஏறுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஏணிப்படிபோல் சம இடைவெளியில் கோடு போட்ட பட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு படத்துக்கும் நிலத்துக்கும் உள்ள விகிதத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இசையில் ஸ்வர வரிசையை ஸ்கேல் என்பதும் இந்த ஏணிதான். தராசைக் குறிக்கும் ஸ்கேல் வேறு குடும்பம்: பழைய நார்ஸ் மொழியில் கிண்ணத்தைக் குறித்த ‘ஸ்கால்’ என்ற சொல்லின் வழி. மீன் செதிலைக் குறிப்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. எழுத்து ஒன்றுதான், வந்த வழி மூன்று.

கோலும் படமும் சேர்ந்தே இருந்ததற்கு ஒரு பழைய சாட்சி பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய இராக்கில் இருந்த லகாஷ் நாட்டை 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட குடேயாவின் சிலை அது. உட்கார்ந்திருப்பவரின் மடியில் ஒரு பலகை, அதில் கோயில் வளாகத்தின் வரைபடம், பக்கத்திலேயே கோடு பிரித்த அளவுகோல். படம் வேறு, கோல் வேறு, அந்த இரண்டையும் பிணைக்கும் விகிதம் வேறு. மூன்றாவதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

தமிழ்நாட்டுப் புவியியல் பாடத்தில் ‘அளவை’ என்று படித்திருப்போம். நல்ல சொல்தான், ஆனால் முகத்தல் அளவை, நீட்டல் அளவை, தருக்க நூல்களின் அளவை என்று அதற்கு ஏற்கெனவே நிறைய வேலை. ‘அளவு விகிதம்’ பொருளுக்குச் சரி, கொஞ்சம் நீளம். இலங்கைக் கணிதப் பாடநூல்களில் இதற்கு ‘அளவிடை’ என்று வைத்திருக்கிறார்கள். விகிதப்படி வரைந்த படம் ‘அளவிடைப் படம்’. கையில் பிடிக்கும் பட்டைக்கு அங்கே ‘அடிமட்டம்’ என்று தனிப்பெயர். எடு ‘எடை’ ஆவதுபோல, தடு ‘தடை’ ஆவதுபோல, அளவிடு ‘அளவிடை’ ஆகிறது. என் ஓட்டு இதற்குத்தான்: கோலுக்கு அளவுகோல், விகிதத்துக்கு அளவிடை.

சொல்லை முடிவு செய்த பிறகும் ஓர் இடத்தில் தடுக்கும். ‘பெரிய அளவில் வேலை நடக்கிறது’ என்றால் பரந்த இடம் நம் மனதில் வரும். வரைபடத்தில் நிலைமை தலைகீழ். 1:20 பெரிய அளவிடை, 1:500 சிறியது. பின்னமாகப் பார்த்தால் இருபதில் ஒரு பங்கு ஐந்நூறில் ஒரு பங்கைவிடப் பெரிது இல்லையா? பெரிய அளவிடைப் படத்தில் இடம் குறைவு, விவரம் அதிகம்.

எவ்வளவு விவரம் கொள்ளும் என்பதை ஒரு சுவரை வைத்தே பார்க்கலாம். ஒன்பது இன்ச் சுவர் என்கிறோமே, அது சுமார் 230 மில்லிமீட்டர். 1:100 படத்தில் 2.3 மில்லிமீட்டர், இரண்டு கோடு போட்டுக் காட்டலாம். அதன் மேல் வரும் 12 மில்லிமீட்டர் பூச்சு? 0.12 மில்லிமீட்டர். வரைபடப் பேனாக்களின் வழக்கமான தர வரிசையில் மெல்லிய முனையே 0.13. அதாவது கோடே பூச்சைவிடத் தடிமன். 1:5 படத்தில் அதே சுவர் 46 மில்லிமீட்டராக விரியும். பூச்சும் ஜன்னல் சட்டமும் அதன் அடியில் வரும் சரிவும் தெளிவாக உட்காரும். இதனால்தான் ஒரு கட்டடத்தின் படக்கட்டு பல அளவிடைகளில் வருகிறது. மனையின் இடப்படத்துக்கு 1:200 அல்லது 1:500. தளப்படம், முகப்புத்தோற்றம், வெட்டுமுகம் (கட்டடத்தை நெடுக வெட்டினால் தெரியும் தோற்றம்) ஆகியவற்றுக்கு 1:100 அல்லது 1:50. படிக்கட்டு, குளியலறை போன்றவற்றுக்கு 1:20. இணைப்பு விவரங்களுக்கு 1:10, 1:5.

தாள்களின் வரிசையும் இதே போக்குதான், மொத்தத்திலிருந்து நுணுக்கத்துக்கு. அமெரிக்க வழக்கில் தாள் எண்ணின் முதல் எழுத்து துறையைச் சொல்லும், அடுத்த இலக்கம் படவகையைச் சொல்லும்: 1 என்றால் தளப்படம், 2 முகப்பு, 3 வெட்டுமுகம், 5 விவரப்படம். ஏ-101 என்றதும் கட்டடக்கலைப் பிரிவின் முதல் தளப்படம் என்று தெரிந்துவிடும். தளப்படத்தில் ஒரு வட்டம், மேல் பாதியில் 3, கீழ் பாதியில் ஏ-501 என்று இருந்தால் ஏ-501 தாளில் மூன்றாவது படத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அதே அமெரிக்காவில் எட்டில் ஓர் அங்குலம் ஓர் அடி என்ற அளவிடை இன்றும் புழங்குகிறது. கணக்கு போட்டால் 1:96. நூறுக்குப் பக்கம்தானே என்று, 1:100 படத்துக்காகக் கோடு பிரித்த பட்டையை வைத்து அளந்தால் 24 அடி ஹால் 25 அடி என்று காட்டும்.

நம் ஊர் சைட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. 594 × 841 மில்லிமீட்டர் உள்ள ஏ1 தாளுக்காக 1:100-இல் வரைந்த பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வருகிறது. கடைக்காரர் ‘தாளுக்குள் அடக்கு’ என்று கொடுத்து ஏ3-இல் எடுத்துத் தருகிறார். நீளம் பாதியாகிவிட்டது, உண்மையான அளவிடை இப்போது 1:200. மூலைக் கட்டமோ இன்னும் 1:100 என்றே சொல்கிறது. மேஸ்திரி அதில் ஸ்கேல் வைத்து அளந்தால் 3 மீட்டர் அறை ஒன்றரை மீட்டராகிவிடும். இவ்வளவு பெரிய பிழையை எவரும் கண்டுபிடித்துவிடுவார். 3 சதவீதம் மட்டும் சுருங்கிய அச்சுதான் ஓசையில்லாமல் தப்பிவிடும். அதனால் அனுபவம் உள்ள வரைஞர்கள் எண்ணோடு நிற்காமல் கோட்டளவிடை ஒன்றையும், அதாவது தரையின் மீட்டர் கணக்கைக் குறித்த ஒரு கோட்டையும், வரைந்து வைப்பார்கள். தாள் சுருங்கினால் அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும்.

தமிழில் மூலைக் கட்டம் எழுதுபவர்கள் இப்படிப் போடலாம்: ‘அளவிடை 1:100 (ஏ1 தாளில்). படத்தில் கோல் வைத்து அளக்க வேண்டாம். எழுதிய அளவே செல்லும்.’ அளவிடைக்கு உட்படாத படமானால் ‘அளவிடைப்படி அன்று’.