செனட்டர்: மேலவை உறுப்பினரா, மூதவையரா?

கல்லூரியில் நாம் 'சீனியர்' என்று கூப்பிடும் அண்ணனும் ரோமாபுரியின் செனட்டரும் சொல்லளவில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர். முதியவர்கள் கூடும் அவை 'செனாத்துஸ்', அதில் உட்காருபவர் 'செனாத்தோர்'. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து செனட், செனட்டர் ஆகிவிட்டன. பழையது என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல் 'சன' கூட இதே வேரில் வந்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்தித்தாள்கள் 'மேலவை உறுப்பினர்' என்று எழுதுகின்றன. அமெரிக்காவுக்கு அது சரி. ஆனால் மேலவை என்றால் கீழே இன்னோர் அவை இருக்க வேண்டுமே! ரோமில் அப்படி ஒரு கீழவை கிடையாது. 'மூப்பர்' என்றால் தேவாலய வாசம் வந்துவிடும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் செனட்டை 'மூதவை' என்கிறார்கள். முது + ஊர் = மூதூர், முது + உரை = மூதுரை, அதே போல முது + அவை = மூதவை. செனெக்ஸின் பொருளும் அப்படியே வந்துவிடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஆளைச் சொல்ல 'மூதவையர்' போதும்.

ஆனால் ரோமானிய மூதவையர் எல்லாரும் கிழவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பேரரசின் தொடக்க காலத்தில் 25 வயதிலேயே உள்ளே போய்விடலாம். நரையை விடச் சொத்துதான் முக்கியம்: முதல் பேரரசர் அகஸ்டஸ் வைத்த வரம்பு 10 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). குவெஸ்டர் என்ற நிதிப் பதவிக்கு ஆண்டுக்கு 20 பேர் வருவார்கள், அதுதான் நுழைவாயில். அவையில் மொத்தம் சுமார் 600 பேர். அங்கியில் மேலிருந்து கீழாக ஓடும் அகலமான ஊதாப் பட்டையைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அக்ரிகோலா என்ற மூதவையரை எடுத்துக்கொள்வோம். பெயருக்கு 'உழவர்' என்று பொருள். கி.பி. 40இல், இன்றைய தெற்குப் பிரான்சின் பிரெஜூஸ் ஊரில் பிறந்தவர். அப்பா கிரேசினஸும் மூதவையர்தான். ஒருவர் மேல் குற்றம்சாட்டி வழக்காடும்படி பேரரசர் கலிகுலா சொன்னதற்கு மாட்டேன் என்றார், தலை போயிற்று. மகன் 64இல் ஆசிய மாகாணத்தில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) குவெஸ்டர். அப்போது 24 வயதுதான். பிள்ளை பெற்றவர்களுக்கு வயது வரம்பில் சலுகை உண்டு. அப்புறம் திரிபூன், பிரேட்டர் என்று படிப்படியாக மேல் பதவிகள், 77ஐ ஒட்டி அவற்றுக்கெல்லாம் மேலான கான்சல், பிறகு பிரிட்டனின் ஆளுநர். இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் தோண்டியெடுத்த ஈயத் தண்ணீர்க் குழாய்களில் அவர் பெயர் 79ஆம் ஆண்டுக் கணக்கோடு இன்றும் இருக்கிறது.

மற்றதெல்லாம் பெரும்பாலும் அவருடைய மருமகன், வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்தது. மாமனாரைப் பற்றி மருமகன் எழுதியது, கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிக்க வேண்டும். அதில் ஓர் இடம் மட்டும் மறக்கவே முடியாதது. ஸ்காட்லாந்து வரை போய் வென்ற ஆளுநரைப் பேரரசர் டொமிஷியன் திரும்ப அழைக்கிறார். கூட்டம் கூடி வரவேற்றால் வம்பு என்று அக்ரிகோலா இரவில் ரோமுக்குள் நுழைகிறார். அரண்மனைக்கும் இரவிலேயே போகிறார். டொமிஷியன் அவசரமாக ஒரு முத்தம் கொடுத்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. அக்ரிகோலா அப்படியே அரண்மனைக் கூட்டத்தோடு கலந்துவிடுகிறார்.

ஆசியா அல்லது ஆப்பிரிக்கா மாகாணத்தை ஆளும் பதவிதான் ஒரு மூதவையர் எட்டக்கூடிய உச்சம். அதற்கான சீட்டுக் குலுக்கலில் அக்ரிகோலாவின் முறை வந்தபோது, அரசரின் ஆட்கள் வீட்டுக்கு வந்து, விலகிக்கொள்ளும்படி முதலில் ஜாடையாகவும் பிறகு மிரட்டியும் பேசினார்கள். எனக்கு வேண்டாம் என்று அவரே போய்க் கேட்டுக்கொண்டார். டொமிஷியன் பெருந்தன்மையோடு சம்மதிப்பது போல நடித்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டார்.

93இல் அக்ரிகோலா இறந்தபோது வயது 53. செனெக்ஸ் ஆக இன்னும் சில ஆண்டுகள் பாக்கி.