டெக்னிக்கல் கேமரா வாங்கப் போகிறீர்களா? லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

நிலக்காட்சிகள் எடுக்க மீடியம் ஃபார்மட் (பெரிய சென்சார்) டெக்னிக்கல் கேமரா தேடுபவர்கள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் பாடி, ஆல்பாவா, கேம்போவா, ஆர்க்கா ஸ்விஸ்ஸா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். இந்த வகைக் கேமராவில் பாடி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எஸ்எல்ஆரில் இருக்கும் கண்ணாடி இல்லை, ஷட்டர் லென்ஸிலோ சென்சாரிலோ இருக்கிறது. முன்னால் லென்ஸ், பின்னால் சென்சார் இருக்கும் டிஜிட்டல் பேக், இரண்டையும் சரியான இடைவெளியில் பிடித்துக்கொண்டு வேண்டியபோது நகர்த்தித் தரும் ஓர் உலோகச் சட்டம் நடுவில். எவ்வளவு நகர்த்த முடியும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ்தான்.

எந்த லென்ஸும் பின்னால் வட்டமான பிம்பத்தைத்தான் விழவைக்கும். சாதாரண கேமரா லென்ஸில் அந்த வட்டம் சென்சாரின் மூலைகளைத் தொட்டதோடு முடிந்துவிடும், டெக்னிக்கல் கேமரா லென்ஸில் அதற்கு வெளியேயும் இடம் மிச்சமிருக்கும். ஃபேஸ் ஒன் ஐக்யூ4 150 மெகாபிக்சல் பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சென்சார் 53.4 x 40 மி.மீ., மூலைவிட்டம் சுமார் 67 மி.மீ. ரோடென்ஸ்டாக்கின் டிகரான்-டபிள்யூ 40 மி.மீ. லென்ஸின் பிம்ப வட்டம் 90 மி.மீ., டிகரான்-எஸ் 23 மி.மீ. லென்ஸுக்கு 70 மி.மீ. பிதாகரஸ் தேற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் லென்ஸில் மேலே 16 மி.மீ. வரை நகர்த்தலாம், இரண்டாவதில் இரண்டரை மி.மீ.தான். அதே பாடி, அதே பேக்!

இந்த 16 மி.மீ. எதற்கு என்றால், கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் மரங்கள் உள்நோக்கிச் சாயும். கேமராவை நேராக வைத்துவிட்டு லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் சாயாது. 40 மி.மீ. லென்ஸை 10 மி.மீ. ஏற்றினால் பார்வை மையம் 14 டிகிரி உயர்கிறது, மரம் செங்குத்தாகவே நிற்கிறது. பக்கவாட்டிலும் இதே லாபம் உண்டு. பேக்கை இடதுபுறம் 13, வலதுபுறம் 13 மி.மீ. நகர்த்தி எடுத்து ஒட்டினால் ஏறக்குறைய 79 x 40 மி.மீ. அகலப்படம் கிடைக்கும். லென்ஸ் அசையாததால் பக்கத்துக் கல்லும் தூரத்து மலையும் ஒன்றுக்கொன்று இடம் மாறாது, ஒட்டும் இடத்தில் பிசிறும் வராது. ஆகவே நகர்வது பேக்கா லென்ஸா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

டில்ட், அதாவது லென்ஸைச் சாய்க்கும் வசதி, இந்த விஷயத்தில்தான் பலர் காசை யோசிக்காமல் போடுகிறார்கள். லென்ஸைச் சற்றுச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும், அதாவது கூர்மையாகத் தெரியும் தளமும், சாயும். இந்த விதியை வானிலிருந்து எடுத்த படங்களைச் சரிசெய்யப் பயன்படுத்திய ஆஸ்திரியர் தியோடோர் ஷைம்ஃப்ளூக் 1904-இல் காப்புரிமை பெற்றார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். சாய்க்க வேண்டிய அளவு மிகச் சிறியது. லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், குவியத் தூரம் 40 மி.மீ. என்றால், 40-ஐ 1500-ஆல் வகுங்கள், அதுதான் கோணத்தின் சைன் மதிப்பு. வருவது 1.5 டிகிரி! அவ்வளவுக்கே காலடியிலிருந்து அடிவானம் வரை தரை முழுக்கக் கூர்மையாகிவிடும். எஃப் 11, 16 என்று துளையைச் சுருக்க வேண்டியதில்லை. சுருக்கினால் விளிம்பு விளைவால் (சிறு துளை வழியே போகும் ஒளி பரவுவதால்) எஃப் 11-இலேயே ஒரு புள்ளி 15 மைக்ரான் அளவுக்கு விரிகிறது, இந்த சென்சாரின் பிக்சலோ 3.76 மைக்ரான்தான்.

ஆனால் இது எல்லா இடத்திலும் உதவாது. சுவிட்சர்லாந்தில் ஸெர்மாட்டுக்கு மேலே ஸ்டெல்லிசே ஏரிக்கரையில் நின்றால், மேட்டர்ஹார்ன் சிகரம் கண்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி மேலே தெரியும். டில்ட் செய்யும்போது கூர்மையான பகுதி ஓர் ஆப்பு மாதிரி, கேமரா பக்கம் மெல்லியதாகவும் போகப்போகத் தடித்தும் இருக்கும். ஃபோகஸ் தளத்தை மலையின் பாதி உயரத்துக்குக் குறிவைத்து எஃப் 8 வைத்தால் கரைக் கல்லும் சிகரமும் அந்த ஆப்புக்குள் வந்துவிடும். தண்ணீரில் தெரியும் மலை வராது, ஏனென்றால் பிரதிபலிப்பு நீர்ப்பரப்பில் இல்லை, ஒளியியல் கணக்கில் அது மலை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், 10 டிகிரி கீழே இருக்கிறது. அங்கே டில்ட்டை விட்டுவிட்டு, ஃபோகஸை மாற்றி மாற்றிச் சில படங்கள் எடுத்துச் சேர்ப்பதே நல்லது. பக்கத்திலேயே நெடுமரங்கள் நிற்கும் காட்டிலும் இதே சிக்கல்தான். பொலிவியாவின் உயூனி உப்புவெளி வறண்டு வெடித்துக் கிடக்கும்போது எடுப்பவருக்கு டில்ட் பெரிய வரம், ஏரியும் காடும் எடுப்பவர் அந்தப் பணத்தைப் பெரிய பிம்ப வட்டத்தில் போடலாம்.

சரி, இப்போது பாடி. எஃப் 5.6-இல் சென்சார் முன்னேயோ பின்னேயோ சுமார் 0.04 மி.மீ. தள்ளி நின்றாலே மங்கல் பிக்சல் அளவில் தெரியத் தொடங்கும். தலைமுடியின் தடிமனே அதைவிட அதிகம். அதனால்தான் ஆல்பா, பேக்கின் இருப்பிடத்தைச் சரிசெய்ய மெல்லிய தகடுகளைத் தருகிறது. லின்ஹோஃப் டெக்னோ போன்ற பெல்லோஸ் (துருத்தி) கேமரா நிறைய அசைவு தரும், ஆனால் முன்னும் பின்னும் இணையாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அகலக்கோண லென்ஸ்தான் அதிகம் புழங்கும் என்றால் பெல்லோஸ் இல்லாத விறைப்பான தட்டை பாடியையே எடுங்கள், காற்றிலும் குளிரிலும் அது காப்பாற்றும்.

பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஷ்னைடரின் அகலக்கோண டிஜிட்டார் லென்ஸ்களின் பின்முனை சென்சாருக்கு மிக அருகில் வரும், ஓரங்களில் ஒளி படுசாய்வாக விழுந்து பக்கத்துப் பிக்சலுக்குக் கசியும், படத்தின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் ஊதாவாகவும் போகும். ஐக்யூ4-இன் பின்புற ஒளியேற்பு சென்சார் இதை நன்றாகவே தாங்குகிறது, அதற்கு முந்தைய பேக்குகள் பல திணறும். லென்ஸுக்கு முன் வெள்ளைத் தகட்டைப் பிடித்து, ஒவ்வொரு ஷிஃப்ட் (நகர்த்திய) நிலைக்கும் ஒரு படம் எடுத்து மென்பொருளில் திருத்தலாம். முழு ஷிஃப்டில் வெறும் வானத்தை எடுத்து, அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் நிறம் சமமாக வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.