நைட்மேர்: மார்பில் ஏறிய பேய் கனவாக மாறிய கதை

அச்சுறுத்தும் கனவு எதையும் இன்று நைட்மேர் என்கிறார்கள். தமிழில் என்ன என்று கேட்டால் ‘கெட்ட கனவு’ என்று உடனே பதில் வருகிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் தோன்றிய காலத்தில் அது கனவைக் குறிக்கவே இல்லை. ஒரு பேயைக் குறித்தது.

‘நைட்’ இரவு, ‘மேர்’ பெண்குதிரை என்று பிரித்துப் பொருள் சொல்வோர் உண்டு. அது தவறு. பழைய ஆங்கிலத்தில் உறங்குபவரின் மார்பில் ஏறி அமர்ந்து மூச்சை அடைக்கும் பேய்க்கு இருந்த பெயர்தான் ‘மேர்’. குதிரைக்கான சொல் வேறு வேரிலிருந்து வந்தது. பின்னாளில் இரண்டின் ஒலியும் ஒன்றாகிவிட்டது. ஹென்றி ஃபியூசெலி 1781-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மேல் ஒரு குட்டிச்சாத்தான் குந்தியிருக்க, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குதிரை தலையை நீட்டும். பிரெஞ்சு மொழியின் ‘கோஷ்மார்’ என்ற சொல்லிலும் இதே பேய் இருக்கிறது. அதன் முற்பாதிக்கு ‘மிதித்து அழுத்துதல்’ என்று பொருள். 1755-இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியும் நைட்மேரை மார்பில் பாரம் அழுத்துவது போன்ற இரவுநேர உபாதை என்றே விளக்கியது. அச்சக்கனவு என்ற இன்றைய பொருள் அதற்குப் பின்னர் நிலைபெற்றதே.

இந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் அச்சு அசலான சொல் இருக்கிறது: அமுக்குவான் பேய். நள்ளிரவில் விழிப்பு வரும், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, கத்த நினைத்தாலும் குரல் எழாது, யாரோ மேலே அமர்ந்து அமுக்குவது போல இருக்கும். தலைமாட்டில் இரும்பை வைத்துப் படுக்கச் சொன்ன பாட்டிமார்கள் இல்லாததை இட்டுக்கட்டவில்லை. அந்த அனுபவம் மெய். அதற்குச் சொன்ன காரணம்தான் வேறு.

காரணம் மூளையில் இருக்கிறது. 1953-இல் சிகாகோவில் யூஜின் அசரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும், மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் விரைந்து அசையும் ஓர் உறக்க நிலை இருப்பதை அறிவித்தார்கள். தெளிவான, கதைபோல நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் வருகின்றன. அப்போது மூளைத்தண்டு உடலின் தசைகளைச் செயலிழக்க வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். சில வேளைகளில் அறிவு விழித்துக்கொண்ட பிறகும் தசைகளின் கட்டு அவிழ்வதில்லை. கனவின் மிச்சமும் அச்சமும் சேர்ந்து அங்கே ஓர் உருவத்தைப் படைத்துவிடுகின்றன. மருத்துவம் இதை ஸ்லீப் பராலிசிஸ் என்கிறது. இதற்குத் ‘தூக்கப் பக்கவாதம்’ என்று எழுதுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். பக்கவாதம் என்றாலே மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டுவிட்டது என்று குடும்பமே பதறும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும் இதற்குத் ‘தூக்க முடக்கம்’ போதும்.

இன்றைய பொருளிலான நைட்மேருக்குத் தீக்கனவு, கொடுங்கனவு இரண்டும் வழங்குகின்றன. தீக்கனவு அழகான சொல்தான், ஆனால் நெருப்பைக் கண்ட கனவோ என்று மயங்க இடம் தருகிறது. கொடுங்கோல், கொடுங்காற்று போலக் கொடுங்கனவு என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. நான் அதையே பரிந்துரைக்கிறேன். துர்ச்சொப்பனம் இப்போது பேச்சில் அருகிவிட்டது.

இன்னொன்றையும் இதனோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. படுத்த ஓரிரு மணி நேரத்தில் குழந்தை வீறிட்டு எழுந்து, வியர்த்து, பெற்றோரையே அடையாளம் தெரியாமல் அலறும். காலையில் அதற்கு எதுவும் நினைவிருக்காது. இது ஆழ்ந்த உறக்கத்தில் நிகழ்வது. கொடுங்கனவு பெரும்பாலும் விடியலை நெருங்கி வரும், விழித்ததும் கதை நினைவிருக்கும். முன்னதைத் ‘தூக்க மிரட்சி’ எனலாம். மிரளும் குழந்தையை உலுக்கி எழுப்பாமல், அடிபடாதபடி பார்த்துக்கொண்டால் தானே அடங்கிவிடும். கொடுங்கனவு கண்ட குழந்தையோ விழித்திருக்கிறது; அணைத்துக்கொண்டு பேச வேண்டும்.

கொடுங்கனவு ஏன் வருகிறது? ஆபத்தை எதிர்கொள்ள மனம் பார்க்கும் ஒத்திகை என்று 2000-ஆம் ஆண்டில் ஃபின்லாந்தின் உளவியலர் அந்தி ரெவோன்சுவோ ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அது முடிவான விடையல்ல. கனவுறக்கத்தில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி மும்முரமாக இயங்க, அலசி ஆராயும் மூளையின் முன்புறப் பகுதிகள் தளர்ந்திருக்கின்றன என்பது மட்டும் மூளைப் படங்களில் தெரிகிறது. மன உளைச்சல், உறக்கக் குறைவு, சில மருந்துகள், போரும் விபத்தும் விட்டுச்சென்ற அதிர்ச்சி ஆகியவை கொடுங்கனவைத் தூண்டுகின்றன. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவுக்கு உளவியலர்கள் ஒரு பயிற்சி தருகிறார்கள்: பகலில் அந்தக் கனவை எழுதி, அதன் போக்கை விரும்பியபடி மாற்றி, மாற்றிய கதையை நாள்தோறும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பலருக்கு இதனால் அந்தக் கனவு வருவது குறைகிறது.