ஹெட்டில் விரிசலா? வெல்டிங் வைக்கும் முன் இதைப் படியுங்கள்

மூன்று வருடத்துக்கு முன், உழவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு பெரியவர் தன் டிராக்டர் ஹெட்டை, அதாவது இன்ஜின் சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பிரும்புப் பாகத்தை, குட்டி யானையில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, ஊர்ல வெல்டிங் வெச்சது நிக்கல. நீங்க கொஞ்சம் நல்லா வெச்சுக் குடுங்க" என்றார். சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். வாட்டர் ஜாக்கெட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழி) வெளிச்சுவரில் இரண்டு அங்குல விரிசலாகத்தான் தொடங்கியிருக்கிறது. அதன் மேல் சாதாரண இரும்பு ராடால் ஆர்க் வெல்டிங், அதுவும் ஒழுகியதால் அதன் மேல் பித்தளை, கடைசியாக எபாக்சி பசை. மூன்று வேலையும் முடிந்து என்னிடம் வந்தபோது விரிசல் ஐந்து அங்குலம் ஆகியிருந்தது.

முதலிலேயே சரியாகத் தொட்டிருந்தால் அது அரை நாள் வேலை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வார்ப்பிரும்பு சாதாரண இரும்பு மாதிரி கிடையாது. அதில் ஏறத்தாழ 3 சதவீதம் கார்பன் இருக்கிறது, பெரும்பகுதி கிராபைட் செதில்களாக. இழுத்தால் நீளாது, நேராக உடையும். ஆர்க் வெல்டிங்கில் ஒரு இடம் மட்டும் உருகி, சுற்றிலும் குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சி, சட்டென்று ஆறும்போது அந்தக் கார்பன் கரைந்து இறுகிவிடும். வெல்டிங்கை ஒட்டிய கோடு கண்ணாடி மாதிரி கெட்டியாகிறது. வெல்டிங் ஆறிச் சுருங்கும்போது இழுக்கிறது, வார்ப்பிரும்பு கொடுத்துப் போகாது. "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழுந்த சத்தம் அது.

பட்டறைக்கு வருபவர்கள் "பிரேஸிங் (பித்தளையை உருக்கி ஒட்டுவது) நல்லதா, வெல்டிங் நல்லதா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, விரிசல் எங்கே இருக்கிறது என்று.

வெளிச்சுவரில், தண்ணீர் மட்டும் படுகிற இடம் என்றால் வழி பல உண்டு. பிரேஸிங் அங்கே நன்றாக நிற்கும். பித்தளை ராடு 900 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். வார்ப்பிரும்பு உருக 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே ஹெட் உருகாமலே ஒட்டு விழுகிறது. ஆனால் கிராபைட்டும் ஊறிய எண்ணெயும் இருந்தால் பித்தளை பிடிக்காமல் உருண்டு ஓடும். கிரைண்டர் கல் கிராபைட்டை மேலே பூசிவிடுவதால், கடைசியாக அரத்தால் சுரண்டுவது நல்லது. அப்புறம் தீச்சுடரால் எண்ணெயை எரித்தெடுத்து, வெங்காரம் போட்டு ஒட்ட வேண்டும். பித்தளையிலிருந்து எழும் வெள்ளைப் புகை துத்தநாகம். மூச்சில் போனால் இரவில் குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப்போடும். காற்றோட்டமான இடத்தில்தான் இந்த வேலை.

வால்வு சீட்டுகளுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையங்கள்) நடுவே, அல்லது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளையிலிருந்து சீட்டுக்கு விரிசல் என்றால் கதையே வேறு. லோடு இழுக்கும்போது அங்கே இரும்பின் சூடு 300 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பித்தளை பலம் இழக்கும். இரும்பைவிட அதிகம் விரியவும் செய்யும். சில வாரம் ஓடும், பிறகு விட்டுவிடும். அங்கே எபாக்சி என்பது பேச்சுக்கே இடமில்லாதது. சாதாரண எபாக்சி 120, 150 டிகிரிக்குள்ளேயே தளர்ந்துபோகும். வெளிப்பக்கத்தில் ஊசிமுனை ஓட்டையில் தண்ணீர் கசிந்தால் அதை அடைக்க எபாக்சி உதவும், அவ்வளவுதான்.

அந்தச் சூடான பகுதிக்கு நான் நம்புவது இரண்டு வழி. ஒன்று, முழு ஹெட்டையும் உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அந்தச் சூடு குறையாமலே வார்ப்பிரும்பு ராடால் கேஸ் வெல்டிங் வைத்து, உலையிலேயே ஒரு நாளுக்கு மேல் மெதுவாக ஆற விடுவது. உலை இல்லாதவர்கள் இதில் இறங்கவே கூடாது. மற்றொன்று, சூடே இல்லாத ஸ்டிச்சிங். விரிசல் நெடுக துளைபோட்டு, மரை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பின்களை முறுக்கி இறக்குவது. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் ஹெட் வளையாது. சீட்டுக்குக் கீழே தண்ணீர்ப் பக்கம் வரை விரிசல் இறங்கியிருந்தால் நான் வேலையை எடுப்பதில்லை, வேறு ஹெட் வாங்கச் சொல்லிவிடுவேன்.

நிக்கல் வெல்டிங் ராடைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிக்கல் மிருதுவானது, கொஞ்சம் இழுபடும், பிறகு கடையவும் முடியும். ஆனால் ஓர் அங்குலம் வைத்ததும் நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தட்டி, கை வைக்கிற சூட்டுக்கு ஆறியபின்தான் அடுத்த அங்குலம். ஒரே மூச்சில் இழுத்துவிட்டால் விலை உயர்ந்த ராடும் வீண்தான். எந்த முறையானாலும், முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். விரிசல் அதற்கு மேல் ஓடாமல் அது தடுக்கும்.

முனை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசினால் விரிசல் ஈரக்கோடாக எழும். சிவப்புச் சாய ஸ்ப்ரே இன்னும் துல்லியம். தண்ணீர் வழிகளைத் தகடும் ரப்பரும் வைத்து மூடி, இரண்டு மூன்று கிலோ அழுத்தத்தில் காற்று ஏற்றி, வெந்நீரில் முக்கிப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. பச்சைத் தண்ணீரில் மூடிக்கொண்டிருக்கும் விரிசல் சூட்டில் வாய் திறக்கும். ரிப்பேருக்கு முன்னும் பின்னும் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

விரிசல் ஏன் வந்தது என்று பார்க்காமல் ஒட்டினால் அது திரும்ப வரும். எங்கள் பக்கம் முக்கியக் காரணம் போர்வெல் உப்புத்தண்ணீர். ரேடியேட்டரில் அதையே ஊற்றி ஊற்றி, ஹெட்டுக்குள் படியும் உப்புப் படிவம் சூட்டை வெளியே விடாது. அடுத்தது, வண்டி கொதித்ததும் பதறிப்போய் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது. அப்படிக் கொதித்தால் லோடை இறக்கிவிட்டு ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியையும் சூட்டோடு திறக்காதீர்கள். மூன்றாவது, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டைக் கை அளவில் முறுக்குவது. ஒழுகல் இல்லாமலே தண்ணீர் குறைந்தாலும், ரேடியேட்டரில் குமிழி வந்தாலும், ஆயில் பால் மாதிரி மாறினாலும் வண்டியை ஓட்டாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்து பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தால் செலவு பல மடங்கு.

பெரியவரின் ஹெட்டை என்னால் காப்பாற்ற முடியவில்லை. பித்தளையும் பசையும் விரிசலுக்குள் ஊறியிருந்ததால் மேலே எதுவும் ஒட்டவில்லை. ஸ்டிச்சிங் போடலாம் என்று டிரில் பிட்டை வைத்தால், அந்தக் கெட்டிக் கோட்டில் இரண்டு பிட் முனை மழுங்கியது. பழைய ஹெட் ஒன்றைத் தேடிப் பிடித்து, சோதித்து, முகத்தைக் கிரைண்ட் பண்ணிக் கொடுத்தேன். அதற்குள் அவருக்குப் பன்னிரண்டு நாள் உழவு போய்விட்டது.

கெட்டுப்போன ஹெட்டை அவரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் ஒரு அரத்தைக் கொடுத்து, அந்த வெல்டிங் ஓரத்தில் தேய்க்கச் சொல்வேன். அரம் வழுக்கிக்கொண்டு போகும்.