மாமாவின் ஹார்டு டிஸ்கும் பன்னிரண்டு பெட்டிகளும்

திருவொற்றியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துக் கல்லூரி, மாலையில் மாமாவின் மைக் செட் கடையில் இரண்டு மணி நேரம். மாமா இப்போது கடையை மூடப்போகிறார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், கட்சிக் கூட்டம், சாவு வீடு என்று இருபது வருஷம் ஓடிய பாட்டெல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது. 11,000 ஃபைல்களுக்கு மேல்.

"பாதிக்கு மேல் 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்றுதான் இருக்கிறது சார். மீதியில் பல வெறும் கேள்விக்குறி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்தேன். மூன்று மாதத்தில் 600 முடிந்தது. அப்புறம் நண்பன் ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தான். பெயரே இல்லாத ஃபைலுக்கு அது பாட்டு, பாடியவர், வருஷம் எல்லாம் சொல்கிறது. சைஸ் வேறாக இருக்கும் இரண்டு ஃபைலைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்கிறது. அதற்குக் காது இருக்கிறதா?"

ஒரு மாதிரி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தக் கேள்விக்குறிகளை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் நம் மொழிக்கு நடந்த ஒரு சின்ன அநியாயம் இருக்கிறது.

எம்பி3 ஃபைலுக்குள் பாட்டின் பெயரை எழுதிவைக்க 1996-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஐடி3 என்று பெயர். ஃபைலின் கடைசியில் 128 பைட் இடம். அதில் பாட்டின் பெயருக்கு 30 பைட். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். இன்றைய யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில் எழுதினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். புள்ளி தனிக் குறி, துணைக்கால் தனிக் குறி. ஆக 30 பைட்டில் 10 குறிதான் அடங்கும். 'தண்டையார்பேட்டை' என்று எழுதப்போனால் 'தண்டையார்ப' என்பதோடு இடம் தீர்ந்துவிடும். மேற்கு ஐரோப்பிய எழுத்து மட்டுமே தெரிந்த பழைய மென்பொருள்களோ, தெரியாத குறியைப் பார்த்ததும் ஒரு '?' போட்டுவிட்டுப் போய்விடும். 'பாட்டு' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஆறு குறி. அதனால் ஆறு கேள்விக்குறி. 1998-இல் வந்த ஐடி3-யின் இரண்டாம் பதிப்பு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் ஒருமுறை கேள்விக்குறியாகிப் போனதை எந்த மென்பொருளாலும் திரும்ப எழுத்தாக்க முடியாது. தகவலே போய்விட்டது.

சரி, பெயரை நம்ப முடியாது. ஃபைலின் பிட்டுகளை நேராக ஒப்பிட்டால்? அதுவும் உதவாது. நான்கு நிமிடப் பாட்டு சிடியில் ஏறக்குறைய 42 எம்பி. நம் காது எப்படியும் கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டுச் சுருக்கினால், 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 ஆயிரம் பிட்) எம்பி3-யில் 3.84 எம்பி, 320-இல் 9.6 எம்பி. கேட்டால் ஒரே பாட்டு. உள்ளே இருக்கும் 0, 1 வரிசைகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. இரண்டு ஃபைல் ஒன்றா என்று பார்க்க எம்டி5 போன்ற கணக்குகள் உண்டு. ஒரே ஒரு பிட் மாறினாலும் அவற்றின் விடை தலைகீழாகிவிடும். அதற்காகவே செய்யப்பட்டவை அவை. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: ஃபைல் எவ்வளவு மாறினாலும் விடை கிட்டத்தட்ட மாறாமல் இருக்க வேண்டும். இதை ஒலிரேகை என்று சொல்லலாம்.

மாணவர் சொன்ன மென்பொருள் மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட். அது பயன்படுத்தும் ஒலிரேகைக்குக் குரோமாபிரிண்ட் என்று பெயர். லூகாஸ் லாலின்ஸ்கி எழுதியது, இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பாட்டின் தரத்தை அது வேண்டுமென்றே குறைக்கிறது. ஸ்டீரியோவை மோனோ ஆக்கி, விநாடிக்கு 44,100 அளவீடுகளை 11,025 ஆக்கி, முதல் 120 விநாடி மட்டும் போதும் என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு அதைச் சின்னச் சின்னத் துண்டாக, விநாடிக்கு எட்டு வீதம், ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் இரண்டு பங்கு படியும்படி வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. இது ஃபூரியர் கணக்கு, பாடப் புத்தகத்தில் இருக்கிறது, தாண்டிவிடலாம்.

அப்புறம் வருவதுதான் அழகு. கோவில் கச்சேரியில் ஆர்மோனியம் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்புக் கட்டை ஐந்து, மொத்தம் பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் மறுபடியும் அதே பன்னிரண்டு, அடுத்த ஸ்தாயியில். ஒரு ஸ்வரத்தின் அதிர்வெண் இரட்டித்தால் அதே ஸ்வரம்தான்: 110, 220, 440, 880 ஹெர்ட்ஸ் எல்லாம் நம் காதுக்கு ஒரே குடும்பம். குரோமாபிரிண்ட் பன்னிரண்டே பன்னிரண்டு பெட்டி வைத்துக்கொள்கிறது. 110 ஹெர்ட்ஸ் வந்தாலும் 880 வந்தாலும் ஒரே பெட்டிக்குள் போடுகிறது. கீழே முனகும் பேஸ் கிட்டார், மேலே கீச்சிடும் வயலின், நடுவில் பாடகர், எல்லாரும் ஸ்தாயியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

எதற்கு இந்த மடிப்பு? மாமாவின் கூம்பு ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பேஸ் வராது. ஆனாலும் பாட்டு நமக்குப் புரிகிறது. எந்த இசைக் கருவியும் ஒரே அதிர்வெண்ணைத் தருவதில்லை. அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளும் கூடவே வரும். இரண்டு, நான்கு, எட்டு மடங்கு எல்லாம் அதே பெட்டி. அடிநாதம் தொலைந்துபோனாலும் அதன் பிள்ளைகள் வந்து அந்தப் பெட்டியை நிரப்பிவிடுகின்றன. (மூன்றாம் மடங்கு மட்டும் பஞ்சமத்தின் பெட்டிக்குப் போய்விடும். தம்புராவைக் கூர்ந்து கேட்பவர்களுக்கு இது புதிதில்லை.)

இப்போது பாட்டு ஒரு படமாகிவிட்டது: உயரம் பன்னிரண்டு கட்டம், நீளம் நேரம், ஒலி கூடினால் கட்டம் பிரகாசம். இந்தப் படத்தின்மேல் 16 கட்ட அகலமுள்ள ஒரு ஜன்னல் மெதுவாக நகர்கிறது. அதில் தெரிவது பாட்டின் சுமார் 2 விநாடி. ஜன்னலின் ஒவ்வொரு நிலையிலும் 16 கேள்வி கேட்கப்படுகிறது. கேள்விகள் எளிமையானவை: மேல் பாதி பிரகாசமா, கீழ்ப் பாதியா? இடமா, வலமா? நடுவா, ஓரமா? 2001-இல் வயோலா, ஜோன்ஸ் இருவரும் புகைப்படத்தில் மனித முகத்தைக் கண்டுபிடிக்க இதே போன்ற கறுப்பு-வெள்ளைச் செவ்வகங்களைத்தான் பயன்படுத்தினார்கள். கண் இருக்கும் பட்டை இருட்டு, கன்னம் வெளிச்சம் என்கிற மாதிரி. முகம் பார்க்க வந்த கருவியைப் பாட்டு கேட்க வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் விடை நான்கு நிலைகளில் ஒன்று: 0, 1, 2, 3. எழுத இரண்டு பிட் போதும். 16 கேள்வி, ஆளுக்கு இரண்டு, ஆக 32 பிட். இங்கே ஒரு நுணுக்கம். சாதாரண இரும எண்ணில் 1 என்பது 01. 2 என்பது 10. எம்பி3 சுருக்கத்தால் விடை 1-லிருந்து 2-க்கு லேசாக நகர்ந்தால் இரண்டு பிட்டுமே மாறிவிடும். சின்னத் தப்புக்குப் பெரிய தண்டனை. அதனால் இதில் 00, 01, 11, 10 என்ற வரிசை. பக்கத்து நிலைக்கு நகர்ந்தால் எப்போதும் ஒரே ஒரு பிட்தான் மாறும். கிரே குறியீடு என்று பெயர். பெல் ஆய்வகத்தில் இருந்த ஃபிராங்க் கிரே என்பவர் பெயரால் வழங்குவது. இசைக்காக அவர் இதைச் செய்யவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் திருவொற்றியூரில் ஒரு மைக் செட் கடைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படி 120 விநாடிக்கு ஏறக்குறைய 950 எண்கள், மொத்தம் 30,000 பிட் சொச்சம். நான்கு கேபி கூட இல்லை. இரண்டு ஃபைலின் ரேகைகளை அடுத்தடுத்து வைத்து, ஆரம்பம் கொஞ்சம் முன்பின் இருந்தால் நகர்த்திச் சரிசெய்து, எத்தனை பிட் ஒத்துப்போகிறது என்று எண்ணினால் போதும். சம்பந்தமில்லாத இரண்டு பாட்டு என்றால் காசு சுண்டின மாதிரி கிட்டத்தட்ட பாதி ஒத்துப்போகும். ஒரே பதிவு என்றால் மிகச் சில தவிர எல்லாம் ஒத்துப்போகும். நடுவில் தடுமாற்றம் அபூர்வம். பெயரே இல்லாத ஃபைல் என்றால், அதன் ரேகையை இணையத்தில் உள்ள ஓர் உலகத் தகவல்தளத்தின் ரேகைகளோடு ஒப்பிட்டுத்தான் பாட்டு, பாடியவர் எல்லாம் சொல்கிறது.

கர்நாடக இசை தெரிந்தவர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) ஒரு பெட்டிக்குள் நிற்காதே? பாடகரின் ஷட்ஜம் ('ச') 440 ஹெர்ட்ஸை வைத்து அமைத்த பெட்டிகளின் எல்லையில் வந்து உட்கார்ந்தால்? நியாயம்தான், இரண்டு பெட்டியிலும் சிந்தும். ஆனால் அதே பதிவு மறுபடி வரும்போதும் அதே இடத்தில் அதே அளவு சிந்தும். ரேகை இசையைச் சரியாகப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. தப்பாகப் புரிந்துகொண்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பு செய்தால் போதும்!

ஓடும் ரயிலில் போனைத் தூக்கிப் பிடித்தால் பாட்டைச் சொல்லும் ஷசாமின் முறை வேறு. அது மிகப் பிரகாசமான புள்ளிகளை மட்டும், வானத்து நட்சத்திரம் போலப் பொறுக்கி, அவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, நடுவில் உள்ள நேர இடைவெளியைக் குறித்துக்கொள்ளும். இரைச்சலுக்கு அதுதான் நல்லது. அதைத் தனிக் கட்டுரையாக எழுத ஆசை.

மாணவரின் டிஸ்கில் ஒரு ஃபோல்டர் மட்டும் இந்த வலையில் சிக்கவில்லையாம். தெரிந்த சினிமாப் பாட்டுகள்தான், ஆனால் '432 ஹெர்ட்ஸ்' என்று பெயர் போட்டிருக்கிறது. மனசுக்கு அமைதி, உடம்புக்கு ஆரோக்கியம், பிரபஞ்சத்தின் அலைவரிசை என்று இணையத்தில் விற்கும் சரக்கு. வழக்கமாக 440 ஹெர்ட்ஸில் இருக்கும் ஸ்வரம் 432-க்கு வரும்படி, பாட்டை அரை ஸ்வரத்தைவிடவும் குறைவாகக் கீழே இறக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சின்ன இறக்கத்திலேயே ஒலி பக்கத்துப் பெட்டிக்குக் கசிந்து, ரேகை மாறிவிடும். அதனால்தான் பொருந்தவில்லை. மற்றபடி அதில் மருந்து எதுவும் கிடையாது. ஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு இத்தனை அதிர்வு. விநாடி என்பது ஒரு நாளை 86,400 பங்காக மனிதர் போட்டுக்கொண்ட கூறு. நம் தாத்தாக்களின் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு விநாழிகை 24 விநாடி. அந்தக் கணக்கில் அதே ஒலி 10,368. பிரபஞ்சம் எந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று அதை விற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாடகர் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையில் சுருதி வைத்துக்கொண்டு பாடுவதுதான் வழக்கம், யாருக்கும் அதனால் நோய் வந்ததில்லை.

கடைசியாக ஒரு சங்கடம். 300 ஃபைல்களுக்கு மென்பொருள் கையை விரித்துவிட்டது. அவை சாவு வீடுகளில் இரவு முழுக்கப் பாடிய கானாக்கள். டோலக்கும் குரலும், பின்னால் பேச்சும் அழுகையும். மாமா தன் மிக்சரிலிருந்தே பதிவு செய்தவை. உலகத் தகவல்தளத்தில் இவற்றுக்குப் பதிவே இல்லை. ஒரே பாடகர் ஒரே பாட்டை காசிமேட்டில் ஒருநாள், வியாசர்பாடியில் ஒருநாள் பாடியிருந்தால், ரேகைக்கு அவை இரண்டு வெவ்வேறு பொருள். அது அடையாளம் காண்பது பதிவை, பாட்டை இல்லை. இறந்தவரின் பெயரைச் சேர்த்து, அந்த வீட்டுக்கு ஏற்ப வரிகளை மாற்றிப் பாடும் ஒரு கலையை அடையாளம் காண வேறு கணிதம் வேண்டும்.

வேறு கணிதம் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் பணத்தில் 2011 முதல் 'காம்ப்மியூசிக்' என்ற திட்டத்தை நடத்தியது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கி மக்காம் எல்லாவற்றையும் கணினிக்குப் புரியவைக்கும் முயற்சி. நம் ஐஐடி மெட்ராஸும் அதில் பங்கெடுத்தது. நல்ல வேலை. எனக்கு வருத்தம் ஒன்றுதான்: மயிலாப்பூர் கச்சேரிக்கு ஐரோப்பாவிலிருந்து பணம் வந்தது, ராயபுரத்துக் கானாவுக்கு மயிலாப்பூரிலிருந்துகூட வராது. ஹார்டு டிஸ்குக்கும் ஆயுள் உண்டு. நான் பத்து வருஷம் சேர்த்த பதிவுகள் ஒருநாள் 'டக், டக்' என்ற சத்தத்தோடு போய்ச் சேர்ந்தன. சரிசெய்யக் கொடுத்த கடையில் டிஸ்கைத் திருப்பித் தரவே ஆறு மாதம் ஆனது.

மாணவருக்கு இரண்டு யோசனை எழுதினேன். ஒன்று, ஒரே பாட்டின் பிரதிகளில் பெரிய ஃபைலை வைத்துக்கொண்டு சின்னதை அழிக்கும் முன், அந்தப் பெரிய ஃபைலின் அதிர்வெண் படத்தைப் பார்க்கச் சொன்னேன். 320 என்று சொல்லிக்கொள்ளும் ஃபைலில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டின மாதிரி காலியாக இருந்தால், பெரும்பாலும் அது 128-ஐ ஊதிப் பெருக்கியதுதான். இட்லி மாவில் தண்ணீர் ஊற்றின கதை. இன்னொன்று, கானா ஃபைல்களுக்கு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார், எந்த ஊர், யார் இறந்தபோது என்று கேட்டு ஐடி3-யில் எழுதிவிடச் சொன்னேன். இரண்டாம் பதிப்பில், தமிழிலேயே.

போன வாரம் பதில் வந்தது. 11,000 இப்போது 4,700 ஆகியிருக்கிறது. அதிகப் பிரதி எந்தப் பாட்டுக்கு என்று பார்த்தால் ஒரு பிள்ளையார் பாட்டுக்கு: 23. விடிகாலையில் மைக் செட் போட்டதும் முதலில் ஓட வேண்டியது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பென் டிரைவ், ஒவ்வொன்றிலும் தலைப்பில் இது. 22-ஐ அழிக்கப்போன மருமகனின் கையை மாமா பிடித்துக்கொண்டாராம். "அதுங்கமேல மட்டும் கை வைக்காத."