சூடு பட்ட ஸ்கேன் புரோப் ஆறினாலும் திரும்பாது

இந்த மாதமும் ஒரு அல்ட்ராசவுண்ட் புரோப், அதாவது நோயாளியின் உடல்மேல் வைத்துப் படமெடுக்கும் பகுதி, பழுதென்று வந்திருக்கிறது. வெளியே கீறல் இல்லை, கேபிள் நன்றாக இருக்கிறது, படம் மட்டும் மங்கல். துருவிக் கேட்ட பிறகுதான் பதில் வருகிறது: "ஆபரேஷன் சாமான்களோடு ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைத்துவிட்டார்கள் சார். ஆனால் நன்றாக ஆறவிட்டுத்தான் மாட்டினோம்." அல்ட்ராசவுண்ட் கருவிகளைப் பழுதுபார்க்கும் எங்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது.

புரோபின் முகத்தில், ரப்பர் லென்ஸுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் மெல்லிய துண்டுகள் ஃபெர்ரோ எலக்ட்ரிக் பொருள். பெரும்பாலும் லெட் சிர்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பி.இசட்.டி. பீங்கான். அதன் படிகத்துக்குள் அயனிகள் நடுவிலிருந்து சற்றே விலகி நிற்கின்றன. அந்த விலகல்தான் மின்முனைவு. அது ஒரே பக்கம் வரிசையாக நிற்பதால்தான் பீங்கான் மின்சாரத்தை ஒலி அதிர்வாகவும், திரும்பி வரும் அதிர்வை மின்சாரமாகவும் மாற்றுகிறது; இதற்குப் பெயர்தான் பீசோ குணம். கியூரி வெப்பநிலை என்ற எல்லையைத் தாண்டினால் அயனிகள் நடுவுக்கு வந்துவிடும், படிகம் கனசதுர அமைப்புக்கு மாறிவிடும், முனைவு போய்விடும்.

சரி, ஆறினால்? படிக அமைப்பு திரும்பிவிடும், அயனிகளும் மறுபடி விலகும். எந்தப் பக்கம் விலகுவது என்பதில்தான் சிக்கல். ஒரு டொமைன் (ஒரே பக்கம் முனைவு கொண்ட சிறு பகுதி) மேலே பார்க்கும், அடுத்தது கீழே, இன்னொன்று பக்கவாட்டில். எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். பிரேயரில் வரிசையாக நின்ற பிள்ளைகள் கலைந்துபோய் அதே மைதானத்துக்குத் திரும்பினாலும், யாராவது நிறுத்தாமல் வரிசை வராது. தொழிற்சாலையில் அந்த வரிசையை உண்டாக்க, பீங்கானைச் சூடான எண்ணெயில் வைத்து மில்லிமீட்டருக்கு 2,000 வோல்ட் அளவில் மின்புலம் கொடுத்து, மின்புலத்தை எடுக்காமலே ஆறவிடுவார்கள். உங்கள் மேஜையில் சும்மா ஆறுவது அந்த வேலையைச் செய்யாது. ஒட்டி முடித்த புரோபில் அதை மறுபடி செய்யவும் நடைமுறையில் வழியில்லை.

கொஞ்சம் படித்தவர்கள் அடுத்த வாதத்தோடு வருவார்கள்: "பி.இசட்.டி. 5எச் வகையின் கியூரி வெப்பநிலை 190 டிகிரிக்குப் பக்கம், ஆட்டோகிளேவ் 121தானே?" கியூரி வெப்பநிலை என்பது முனைவு முழுதாகச் சாகும் இடம். அதற்கு வெகுமுன்பே டொமைன்கள் கலையத் தொடங்கும். செல்சியஸில் அதன் பாதிக்கு மேல் போகாதே என்பது பீசோ தொழிலின் பழைய விதி. ஒட்டுப்பசைகள் விடுவது தனிக்கதை.

விலை கூடிய சிங்கிள் கிரிஸ்டல் புரோப்களில் ஆபத்து இன்னும் கீழே இருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் லெட் மெக்னீசியம் நயோபேட்-லெட் டைட்டனேட், சுருக்கமாக பி.எம்.என்-பி.டி. படிகம். கியூரி வெப்பநிலை 130-150 டிகிரி என்று தாளில் இருக்கும். ஆனால் அதற்கு முன்பே, பல கலவைகளில் 100 டிகிரிக்குக் கீழேயே, ராம்போஹெட்ரல் அமைப்பிலிருந்து டெட்ராகோனலுக்கு ஒரு கட்ட மாற்றம் நடந்துவிடும். அந்தப் படிகத்தின் அபார உணர்திறனே இந்த மாற்றத்துக்கு அருகில் இருப்பதால் வருவது. அதனால் இங்கே கியூரி எண்ணைப் பார்ப்பதே தவறு. லென்ஸ் மாற்றிப் பசை உலர்த்த ஓவனிலோ ஹீட் கன்னிலோ காட்டும் தம்பிகளே, இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

எல்.சி.ஆர். மீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) வருகிறது, எலிமெண்ட் நல்லது என்று சீட்டு எழுதாதீர்கள். முனைவு போன பீங்கானும் கெப்பாசிட்டன்ஸ் காட்டும். அதிர்வெண்ணை மாற்றி மாற்றி இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) பாருங்கள். ரெசனன்ஸில் (ஒத்ததிர்வில்) வரும் மேடுபள்ளம் தட்டையாகிவிட்டதா என்பதில்தான் உண்மை தெரியும்.

பாதி செத்த புரோப் முழுதாகச் செத்ததைவிட மோசம். படம் வரும், ஆழம் வராது. கெயினை, அதாவது எதிரொலியின் பெருக்கத்தை, கூட்டுவார்கள், நோயாளி பருமன் என்று நினைப்பார்கள், ஈரலின் ஆழத்தில் இருக்கும் சிறு கட்டி கண்ணில் படாமல் போகும்.

ஆட்டோகிளேவ், ஹாட் ஏர் ஓவன், வெந்நீர், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள கிருமிநாசினியில், குறித்த கோடு வரை, குறித்த நேரம். வெயிலில் நிறுத்திய காரில் புரோப் பெட்டியை விடாதீர்கள். ஜெல் இல்லாமல் காற்றில் பிடித்து, திரையில் வரும் எதிரொலிக் கோடுகளை மாதம் ஒருமுறை படமெடுத்துச் சேமியுங்கள். கோடுகள் குறைந்தாலோ நடுவில் கருப்புப் பட்டை விழுந்தாலோ அன்றே தெரிந்துவிடும்.

தவறிச் சூடுபட்டுவிட்டால் மறைக்காதீர்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதி புரோபோடு அனுப்புங்கள். நாங்கள் சோதித்துச் சொல்லும்வரை அதை நோயாளிமேல் வைக்க வேண்டாம்.