1980க்குத் திரும்பிப் போகும் கொழுந்து மடுவம்

ஹட்டனில் கணினி பழுதுபார்க்கிறவனுக்கு மழைக்காலம்தான் சீசன். கரண்ட் போய்ப் போய் வரும், பவர் சப்ளை புகையும், போன் ஓயாது. அப்படி ஒரு மழை நாளில் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கூப்பிட்டார்.

கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொட்டகையில், இருந்தது பழைய பென்டியம் கணினி. கட்டளை தட்டி இயக்கும் எம்எஸ்-டொஸ் 6.22, 16 எம்பி ராம், யூஎஸ்பி கிடையாது. தராசிலிருந்து சீரியல் வயர் வழியாக எடை வரும். இயந்திர மொழிக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதிய ஒரு சின்னப் புரோகிராம் சாக்கின் எடையைக் கழித்து ஆளின் பெயருக்கு நேரே பதியும். இப்போது சணல் சாக்கு போய் நைலோன் பை வந்துவிட்டது. "கழிவை ஒரு கிலோவிலருந்து அரைக் கிலோவா மாத்தணும் தம்பி, அவ்வளவுதான்" என்றார்.

புரோகிராமின் மூலநிரல் பத்திரமாக இருந்தது. அதை அசெம்பிள் செய்யும், அதாவது ஓடும் புரோகிராமாக மாற்றும், நாஸ்ம் என்ற அசெம்பிளர்தான் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடம் கெட்டுப்போயிருந்தது. நல்லவேளையாக, அந்தக் காலத்தில் வேலை செய்தவர் 2005இல் வந்த நாஸ்ம் 0.98.39இன் மூலநிரலை ஒரு சிப் கோப்பாகவும், சி மொழி மூலநிரலை ஓடும் புரோகிராமாக்கும் டிஜேஜிபிபி என்ற கம்பைலரையும் டிஸ்க்கில் விட்டுப் போயிருந்தார். லெப்டொப்பில் அசெம்பிள் பண்ணி ஃப்ளொப்பியில் கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் இனி யாரையும் கூப்பிடாமல் தானே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது கிளாக்கரின் ஆசை. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

சைமன் டாதமும் ஜூலியன் ஹாலும் 1996இல் தொடங்கிய நாஸ்ம் முழுக்க சி மொழியில் எழுதப்பட்டது. அதனால் சி கம்பைலர் இருந்தால் போதும், இன்னொரு அசெம்பிளர் தேவையில்லை. டொஸ்ஸில் வழக்கமாக வரும் தொல்லைகள் எல்லாம் வந்தன. கோப்புப் பெயர் எட்டு எழுத்தோடும் அதன் வால் மூன்றோடும் வெட்டுப்படும், கட்டளை வரி 126 எழுத்தைத் தாண்டாது, டொஸ்ஸில் பெரிய நினைவகத்தைப் பயன்படுத்த விடும் டிபிஎம்ஐ இல்லையென்றால் கம்பைலர் எழும்பவே எழும்பாது. இவை பழகிய தொல்லைகள், அரை மணி நேரத்தில் தீர்ந்தன.

என்னை அலைக்கழித்தது வேறொன்று. பாதிக் கோப்புகள் முடிந்திருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்ததும், கோப்புகளை ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்விக்கும் 'மேக்' கட்டளையைக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியது, முதல் கோப்பிலிருந்தே மறுபடி ஆரம்பித்தது. திரையில் என்னவோ எச்சரிக்கை ஓடியது. டொஸ் திரையில் 25 வரிதான். மேலே போன வரியைத் திரும்பப் பார்க்க வழியில்லை. பிழைச் செய்தியைக் கோப்பில் பிடிக்கலாம் என்றால், டொஸ்ஸின் சாதாரணத் திசைதிருப்பல் குறி பிழைச் செய்தியைப் பிடிக்காது. டிஜேஜிபிபியோடு வரும் 'ரீடிர்' என்ற சின்னக் கருவியால்தான் பிடித்தேன். இந்தக் கோப்புகளின் திகதி எதிர்காலத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

'டேட்' அடித்துப் பார்த்தேன். 1980 ஜனவரி 1. மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பெட்டரி எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் மடுவம் 1980க்குப் போய்விடும், டொஸ்ஸின் நாட்காட்டி தொடங்குகிற நாள் அதுதான். தொடங்கும்போது தானாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதி வைக்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பு இல்லாவிட்டால் டொஸ் தொடங்கும்போதே திகதி கேட்கும், யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இங்கே அந்தக் கோப்பு இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. எதைத் திரும்பக் கம்பைல் செய்வது என்பதை மேக் திகதியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. மூலநிரல் 2005, அதிலிருந்து உண்டான கோப்பு 1980 என்றால், எத்தனை தடவை செய்தாலும் அது பழசு.

திகதியைக் கையால் சரிசெய்தேன். நாஸ்ம் ஒரே மூச்சில் உருவானது. மாற்றம் எதுவும் செய்யாத மூலநிரலை அதில் அசெம்பிள் செய்து, ஓடிக்கொண்டிருந்த பழைய புரோகிராமோடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன். வித்தியாசமே இல்லை. புது அசெம்பிளரை நம்புவதற்கு முன் இதை நான் எப்போதும் செய்வேன். கழிவை மாற்றும் இடத்தைக் கிளாக்கருக்குக் காட்டிக்கொடுத்தேன். பையில் பெட்டரி இல்லை. அடுத்த வாரம் போடலாம் என்று கிளம்பிவிட்டேன். தப்பு அங்கேதான், அது என்னுடைய தப்பு.

இரவு கணினியை நிறுத்தினார்கள், மறுபடி 1980. காலையில் கிளாக்கர் கழிவை மாற்றிச் சேமித்தார். மூலநிரலில் 1980 என்று முத்திரை விழுந்தது. நான் உருவாக்கி வைத்த புரோகிராமிலோ இந்த வருடத் திகதி. மேக் கொடுத்தார். எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டார், பாவம். முதலில் எனக்கு நடந்தது நேரத்தைத்தான் தின்றது. இது நேர் எதிர்: யாருக்கும் தெரியாமல் பழைய புரோகிராமே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை. தடவைக்கு அரைக் கிலோ என்றால் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ போகிறது. கண்டுபிடித்தது நானுமில்லை, கிளாக்கருமில்லை. இரண்டாம் நாள் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர், "வெறும் பையத் தொங்கவிட்டுப் பாருங்கய்யா" என்றாராம். திரையில் கழித்தல் அரை என்று வந்தது.

பெட்டரி மாற்றப் போனபோது மேலும் மூன்று வேலை செய்தேன். ஆட்டோஎக்ஸெக்கில் திகதியும் நேரமும் கேட்கிற இரண்டு வரி சேர்த்தேன். மேக் எப்போதும் பழையதை அழித்துவிட்டே உருவாக்கும்படி மாற்றினேன். புரோகிராம் தொடங்கும்போது தன் பதிப்பு எண்ணையும் கழிவையும் திரையில் காட்டும்படி செய்தேன். உங்கள் மடுவத்திலோ ஸ்டோரிலோ இப்படி ஒரு பழைய பெட்டி இருந்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். காசு பெட்டரி என்றால் டவுனில் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதைவிடப் பழைய போர்டில் பீப்பாய் மாதிரி ஒரு பெட்டரி சோல்டர் பண்ணியிருக்கும். அது கசிந்தால் செப்புக் கோடுகளையே தின்றுவிடும், நம்ம ஊர் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். அதை முதலில் வெட்டி எடுங்கள்.

கிளாக்கர் அந்த இரண்டு நாள் நிறுவையையும் கையால் கூட்டி, விடுபட்ட கிலோவை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏற்றினார். அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்திருந்த இரண்டு பேருக்கு முழுப்பேர் ஆனது.